இரண்டு மணி வெப்பம்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம். உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை மருந்தக ஜன்னலில் நின்றபடியே பொழுதைக் கழிக்கிறாயா? உன் மனைவியை மிகவும் கேட்டதாகச் சொல்.

ஆறு மாதமாகக் கடிதம் போடாதவள் திடீரென்று ஏன் குழைகிறாள் என்று யோசிப்பாய். சரிதான், உன்னிடம் காரியம் ஆக வேண்டியிருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்குப் புது வார்டு கட்டப்போகிறார்கள் அல்லவா? அதை வரையும் வேலை என் மேசைக்கு வந்திருக்கிறது. இன்னும் ஒரு கோடுகூடப் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை. கோடு போடுவதற்கு முன்னால் கட்டடத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். அஸ்திவாரம் தோண்டிய பிறகு யார் நினைத்தாலும் திருப்ப முடியாது.

அந்த இடத்தில் வெயில் எப்படி விழுகிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். வானிலை நிலையம் உங்கள் ஊரிலிருந்து முப்பது மைல் தள்ளி ஏரிக்கரையில் இருக்கிறது. அவர்கள் புத்தகம் ஏரியின் கதையைச் சொல்லும், உங்கள் மண்ணின் கதையைச் சொல்லாது. அதனால் ஒரு வெப்பமானியும், காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டுச் செய்த மரப்பெட்டியும் பார்சலில் வருகின்றன. ஒரு கம்பம் நட்டு, பெட்டியை நெஞ்சு உயரத்தில் மாட்டு. கம்பத்தின் உச்சியில் ஒரு ரிப்பன் கட்டு. காலை எட்டு, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு. மூன்று வேளையும் வெப்பத்தையும் காற்றின் திசையையும் குறித்து அனுப்பு. எப்படி நிரப்புவது என்று உனக்குப் புரிய வேண்டுமே, அதற்காகப் போன வருடத்து நிலையத் தாள் ஒன்றை மாதிரிக்கு வைத்திருக்கிறேன்.

ஏன் இத்தனை பாடு என்று நீ கேட்க மாட்டாய். அந்தப் பள்ளிக்கூட விபத்து நடந்து பதினோரு வருடம் ஆகிறது. எனக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பத்திரமாக இரு. தொப்பி போட்டுக்கொண்டு போ.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

வயிற்றுப்புண் தூங்குகிறது. நீ விசாரித்த சத்தத்தில் எழுந்துவிடாமல் இருந்தால் சரி. உன் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்க்கத்தான், அலமாரியில் வைத்துப் பார்க்க இல்லை.

வேலையைத் தொடங்கிவிட்டேன். மருத்துவமனையின் பின்வாசலிலிருந்து கால்மணி நேர நடை. முன்பே எல்லா மரத்தையும் வெட்டிச் சமப்படுத்திவிட்டார்கள். அங்கே நிழல் என்றால் என் நிழல் ஒன்றுதான், அதையும் இரண்டு மணிக்குத் தேட வேண்டியிருக்கிறது. மேற்கே ஒரு பாறைக் குன்று, புல் பூண்டு இல்லாமல் சவரம் செய்த தலை மாதிரி. வாசலில் ஒரு காவலாளி இருக்கிறார். பெட்டியை மாட்டியதும் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்ன சார், குருவிக்கு வீடா? வாசலே வைக்கலையே" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குக் குருவிக்காரர்.

முதல் வாரத் தாளை வைத்திருக்கிறேன். காலையும் பிற்பகலும் முழுதாக இருக்கின்றன. மாலை ஆறு மணிக் கட்டங்கள் காலி. எனக்கு ஆறரை வரை மருந்தகத்தில் வேலை. முறை மாற்றிக் கேட்டிருக்கிறேன், திட்டாதே.

என் வீட்டுக்காரிக்கு இப்போது குழந்தைகளின் பழைய தகரக் கூரை வார்டில்தான் வேலை. இன்றைக்குப் பதினேழு குழந்தைகள். ஈரத் துணிகளை ஜன்னலுக்கு ஜன்னல் தொங்கவிட்டிருக்கிறார்கள், அரைமணியில் காய்ந்துவிடுகிறது. நேற்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணு அழவே மாட்டேங்குது. அழுதா பரவாயில்ல, கொதிச்சுக்கிட்டே சும்மா கெடக்குது. அதான் பயமா இருக்கு" என்றாள். சீக்கிரம் வரை, அக்கா.

உன் தம்பி


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. தேய்க்கிறேன். அழாத குழந்தை எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுது.

தாளைப் பார்த்தேன். இரண்டு மணிக்கு முப்பத்தொன்பது, நாற்பது. மார்ச்சிலேயே இப்படி என்றால் மே மாதத்தில் எங்கே போய் நிற்குமோ.

எனக்கு மிகவும் வேண்டியது நீ காலியாக விட்ட கட்டம்தான். ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கட்டடத்தை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று, வெயிலுக்கு முதுகைக் காட்டி. அதாவது மேற்கே ஜன்னலே இல்லாத கனத்த சுவர், அதற்கு உள்ளே சாமான் அறை, மாடிப்படி, துணி வைக்கும் அறை. குழந்தைகள் வடக்கும் தெற்கும் பார்த்து இருப்பார்கள். இன்னொன்று, காற்றுக்கு முகத்தைக் காட்டி. நிலையத்துப் புத்தகப்படி மாலையில் மேற்கிலிருந்து நல்ல குளிர்ந்த காற்று வருகிறது. அது உண்மையானால் மேற்குப் பக்கம் முழுக்கச் சாய்ந்த மரப்பலகை வைத்து, வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. மாலைக் காற்று எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் குன்று காற்றை மறிக்கிறதா என்றும் தெரிய வேண்டும்.

எனக்காக ஒன்று செய். ஒரே ஒரு நாள், இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை அங்கேயே இரு. மணிக்கு ஒரு முறை குறி. காற்று எப்போது திரும்புகிறது, முகத்தில் பட்டால் எப்படி இருக்கிறது என்று பார். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் மருந்தகம் ஓடிப்போகாது.

உன் பதிலுக்காகப் பென்சிலைச் சீவி வைத்துக் காத்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம்தானே. பதில் தாமதமாகிவிட்டது, இங்கே வேலை அதிகம். மன்னித்துக்கொள்.

மூன்று வாரத் தாள்களை வைத்திருக்கிறேன். மூன்று வேளையும் நிரப்பியிருக்கிறேன். காற்று நீ சொன்ன மாதிரி மேற்கிலிருந்துதான் வருகிறது.

அந்தக் குழந்தை போய்விட்டது. மார்ச் பதினாறாம் தேதியே போய்விட்டதாம். இவள் என்னிடம் சொல்லவில்லை, பிறகுதான் தெரிந்தது.

வெப்பமானி உடைந்துபோனால் வேறு கிடைக்குமா? சும்மாதான் கேட்கிறேன். கண்ணாடிச் சாமான் ஆயிற்றே.

உன் தம்பி


ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லையே, உடம்பு சரியில்லையா? எழுத்தும் கோணல்மாணலாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கண்காணிப்பாளர் அறைக்குப் போன் செய்தேன். மருந்தகத்தில் நீ இல்லை என்றார்கள். வியாழக்கிழமையும் இல்லை என்றார்கள்.

குழந்தையைப் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலை செய்ய முடியவில்லை. பிறகு உன் தாள்களை எடுத்து நிலையத்துப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். உனக்கு நூறு முறை நன்றி சொல்ல வேண்டும். அரை டிகிரிக்கு மேல் எங்கேயும் வித்தியாசமே இல்லை! ஆறு மணிக்கு முப்பத்திரண்டு, முப்பத்தொன்றரை, முப்பத்திரண்டரை. குன்று ஒன்றுமே செய்யவில்லை. உங்கள் இடமும் ஏரிக்கரையும் ஒன்றுபோல இருக்கின்றன என்றால், நிலையத்தின் பன்னிரண்டு மாதக் கணக்கையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் அலுவலகப் பெரியவர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கச்சிதமாவா ஒத்துப்போகும்?" என்றார். "ஒத்துப்போகுதே சார்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆக, காற்றுக்கு முகம். இருபத்து நான்கு தொட்டில்களை மேற்குப் பலகைகளை ஒட்டி வரிசையாக வைத்திருக்கிறேன். ஐந்து மணிக்குக் காற்று குன்றிலிருந்து இறங்கி, பலகை வழியாக நுழைந்து, ஒவ்வொரு தொட்டிலையும் தடவிக்கொண்டு கிழக்கே வெளியேறும். மே பன்னிரண்டாம் தேதி தரையில் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். அன்றே தோண்டத் தொடங்குகிறார்கள்.

வெப்பமானி உடைந்தாலும் இனிப் பரவாயில்லை. அதன் வேலை முடிந்துவிட்டது. உன் உடம்பைப் பற்றி மறைக்காமல் எழுது.

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நன்றாகத் தூங்குகிறாயா?

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். ஒன்று கேட்கலாமா? தொட்டில்களைக் கிழக்குப் பக்கம் வைத்தால் என்ன? அந்த முதல் யோசனை, மேற்கே கனத்த சுவர் வைப்பது, அதுவும் நல்ல யோசனையாகத்தானே இருந்தது? சாமான் அறை வெந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

காவலாளி சொல்கிறார், மே மாதத்தில் சாயங்காலக் காற்று பொல்லாதது என்று. "சார், அது காத்தில்ல சார்" என்கிறார். பழைய ஆள், அந்த இடத்தில் எட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர். சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான்.

நான் குறித்தது சரிதான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனாலும் எல்லாரும் கொஞ்சம் கூடுதலாகவே பாதுகாப்பு வைத்துக் கட்டுவார்கள் இல்லையா?

இங்கே பகல் முழுக்க ஜன்னல்களை மூடியே வைத்திருக்கிறோம். கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் வருகிறது. அதற்கும் துணி வைத்துவிட்டேன்.

உன் தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

உன் மனைவி நலமா? நீ நலமா என்று இனி உன்னிடம் கேட்டுப் பயனில்லை.

என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா? படங்கள் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டன. நாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். காவலாளி சொன்னார் என்று நான் போய்ப் பெரியவர் முன்னால் நின்றால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எனக்கு எண் வேண்டும். குன்றுப் பக்கத்துக் காற்று சுடுகிறது என்றால் எத்தனை டிகிரி? உன் தாளில் முப்பத்திரண்டு என்று இருக்கிறது. உன் கடிதத்தில் வேறு ஏதோ இருக்கிறது. இரண்டில் எதை நம்பட்டும்?

மூன்று நாளாக ஒரே கனவு. அந்தப் பள்ளிக்கூட மண்டபம். மேற்கே கண்ணாடி. ஆனால் உள்ளே பெஞ்சுகள் இல்லை, தொட்டில்கள்.

ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். மாலை ஆறு மணிக்கு அந்தப் பெட்டியைத் திறந்து உன் கண்ணால் பார்த்து எழுதினாயா? ஆம், இல்லை. ஒரு வார்த்தை போதும். பதினேழு நாள்தான் இருக்கிறது.

அக்கா


மே 2

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. இதை எழுதுவது அவருக்குத் தெரியாது.

அக்கா, அவர் நன்றாக இல்லை. மார்ச் இருபத்திரண்டாம் தேதி அந்த இடத்தில் வெயிலில் விழுந்துவிட்டார். காவலாளிதான் தோளில் தூக்கி வந்தார். மூன்று நாள் நினைவு வந்தும் போயும் இருந்தது. உங்களுக்குத் தெரிவிக்கிறேன் என்றதற்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவுக்கு மட்டும் வேணாம், சொல்லிட்டா அவ அவ்வளவுதான்" என்று அழுதார். அதனால் சும்மா இருந்தேன்.

இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் பகலில் வெளியே வருவதில்லை. மருந்தகத்தில் இரவு முறை வாங்கிக்கொண்டு, இருட்டிய பிறகுதான் கிளம்புகிறார். இரண்டு மணி ஆனதும் குளியலறையில் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடிகாரத்தைத் துணி போட்டு மூடிவிட்டார். மூடினாலும் மணி தெரிந்துவிடுகிறது அவருக்கு.

நேற்றுக் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது உங்கள் மரப்பெட்டி இருந்தது. உள்ளே கண்ணாடித் தூள். இதைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துவிட்டேன். எனக்கு இதெல்லாம் புரியாது. உங்களுக்குப் புரியும் என்று எழுதுகிறேன்.

வார்டில் இன்றைக்கு இருபத்தொரு குழந்தைகள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


மே 3

அக்கா,

இல்லை.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதி அனுப்பிவிடலாம் என்று ஐந்து நாளாக நினைக்கிறேன். முடியவில்லை. முழுதாகவே எழுதுகிறேன்.

நீ சொன்னபடி மார்ச் இருபத்திரண்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு மணிக்கு நாற்பத்திரண்டு. மூன்று மணிக்கு நாற்பத்து மூன்று. அதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வாசல் வரை போய்க் காவலாளியிடம் வாங்கியிருக்கலாம். நான்கு மணிக் கட்டத்தை நிரப்பிவிட்டுப் போகலாம் என்று நின்றேன். அப்போதுதான் கையைப் பார்த்தேன். வியர்வை நின்றிருந்தது. இருபது வருடமாக மருந்தகத்தில் இருப்பவன், வியர்வை நின்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தது. கால் நகரவில்லை. வெப்பமானியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பெட்டியைக் கழற்றினேன். அதோடு விழுந்தேன்.

விழுந்தபோது நினைவு தப்பவில்லை, அதுதான் கொடுமை. வாசல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கூப்பிட நாக்கு வரவில்லை. கன்னத்துக்குக் கீழே மண் சுட்டது. தலையைத் திருப்பினால் மற்றக் கன்னம் சுடும் என்று திருப்பாமல் கிடந்தேன். மாலைக் காற்று வரட்டும், வந்தால் பிழைத்துக்கொள்வேன் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் காற்று, அக்கா. மேற்கிலிருந்து வரும் என்று நீ எழுதிய காற்று.

வந்தது. கம்பத்து ரிப்பன் என் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். அடுப்பு வாயைத் திறந்து முகத்தை உள்ளே விட்ட மாதிரி இருந்தது. பகல் முழுக்கக் காய்ந்த பாறை அது. அதன் மேல் புரண்டு வருகிற காற்று வேறு எப்படி இருக்கும்? நிழல் நீளமாகிவிட்டது, சூரியன் இறங்கிவிட்டது, சூடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. செத்துவிடுவேன் என்று அப்போதுதான் பயந்தேன். அதுவரை பயப்படவே இல்லை.

எண் கேட்டாய். எண் இல்லை. வெப்பமானி என் நெஞ்சுக்கு அடியில் நொறுங்கிக் கிடந்தது.

நீ இருக்கச் சொன்ன நாளில் நான் இப்படி விழுந்தேன் என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஒரு வருடம் நீ எப்படி இருந்தாய் என்று பார்த்தவன் நான். உன் கையில் சோற்றைப் பிசைந்து வைத்தால்கூட வாய்க்குப் போகாது. மறுபடி அப்படி ஆகிவிடுவாய் என்று பயந்தேன். உன் மாதிரித் தாள் மேசை மேல் இருந்தது. ஒரு நாளுக்கு அரை டிகிரி கூட்டினேன், மறுநாளுக்குக் குறைத்தேன். பத்து நிமிட வேலை. இன்னும் எத்தனையோ தாள்களை வைத்துப் பார்த்துத்தான் கட்டுவாய், என் தாள் ஒன்றால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். நீ அதை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்வாய் என்று நினைக்கவில்லை. தொட்டில் வரிசையைப் படித்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். அப்போது பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

கோடு போட விடாதே, அக்கா. என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

தம்பி


மே 8

என் தம்பிக்கு,

உன் கடிதமும் உன் மனைவி கடிதமும் ஒரே தபாலில் வந்தன. முதலில் உன் உடம்பு. வெயிலடி பட்டவனுக்கு மறுபடி சீக்கிரமே அடிக்கும். உப்புக் கரைத்த தண்ணீர் குடிக்கிறாயா? மருந்துக்காரனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார். உன் மனைவியைத் திட்டாதே. அவள் எழுதியது நல்லது.

உடனே பெரியவர் அறைக்குப் போனேன். "சார், கட்டடத்தைத் திருப்பணும்" என்றேன். "வெளையாடுறீங்களா? நாலு கையெழுத்து விழுந்தாச்சு." "அளவு பொய் சார்." "யார் சொன்ன பொய்?" "நான் சொன்னது" என்றேன். அவர் நாள்காட்டியை இழுத்துப் பார்த்தார். பிறகு, "மே முப்பது வரைக்கும் கோடு போட மாட்டாங்க. அதுக்குள்ள நிஜமான எண்ணோட வாங்க. இல்லன்னா பழைய படம்தான். அந்தக் குழந்தைங்க இன்னொரு கோடையையும் தகரத்துக்கடியில இருக்க முடியாது" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. விசாரணை முடியும்வரை நான் இந்த ஊரை விட்டு நகரக் கூடாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதில் நானே வந்திருப்பேன்.

பழியை உனக்காக நான் ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்காதே. உன் தாளைக் கையில் எடுத்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அரை டிகிரி கூட்டி, அரை டிகிரி குறைத்து. அந்தக் கைவேலை எனக்குத் தெரியாததா?

பதினோரு வருடமாக யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தில், திறக்கிற ஜன்னலுக்குப் பதிலாக ஒப்பந்தக்காரர் திறக்காத கண்ணாடியைப் பொருத்தியதால்தான் அந்தப் பெண் குழந்தை வெக்கையில் மயங்கி விழுந்து செத்தது என்று விசாரணையில் எழுதினார்கள். கண்ணாடி அவர் தப்புதான். ஆனால் மேற்கே அவ்வளவு பெரிய ஜன்னல் என்ன வேலைக்கு அங்கே இருந்தது? நான்தான் வைத்தேன். அந்த இடத்துக்கு நான் போகவே இல்லை. நாலு மணி நேரப் பஸ் பயணம், எனக்குக் காய்ச்சல், நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, கடைசியில் நிலையத்துப் புத்தகத்தை வைத்து நேரில் பார்த்த மாதிரி தாளை நிரப்பிவிட்டேன். பத்து நிமிடம்தான் ஆயிற்று. பெரியவர் "இவ்வளவு கச்சிதமாவா?" என்று கேட்டபோது எனக்கு அந்தப் பழைய தாள்தான் ஞாபகம் வந்தது. அப்போதே உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ இல்லை என்று சொல்லிவிடுவாய் என்று பயந்துதான் கேட்கவில்லை.

புது வெப்பமானி வருகிறது. நீ போகாதே. காவலாளியிடம் கொடு, இல்லை மருத்துவமனையில் யாராவது ஒருவரைக் கேள். பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் அங்கே நிற்கக் கூடாது. யாரும் தனியாகப் போகக் கூடாது. போகாத நாளில் போகவில்லை என்று எழுதச் சொல். ஒரு கட்டத்தைக்கூடச் சும்மா நிரப்ப வேண்டாம்.

உன்னை நான் என்ன செய்யப்போகிறேன், பைத்தியக்காரா. உயிரோடு இரு.

அக்கா


மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

உப்புத் தண்ணீர் குடிக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இவள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை அவளிடம் காட்டவில்லை. நீ காட்டச் சொன்னால் காட்டுகிறேன்.

காவலாளிக்கு எண் படிக்க வராது. மருத்துவமனையில் கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். அதனால் தாளை நானே நிரப்பியிருக்கிறேன். அச்சுத் தாளில் இடம் போதவில்லை, இங்கேயே எழுதுகிறேன்.

மே 13. பிற்பகல் 2: போகவில்லை. பயம். மாலை 6: போகவில்லை.

மே 14. போகவில்லை. இரண்டு வேளையும்.

மே 15. 2: கதவைத் திறந்தேன். மூடிவிட்டேன். 6: போகவில்லை.

மே 16. போகவில்லை. இவள் போகிறேன் என்றாள். நான் விடவில்லை, சண்டை.

மே 17. 6: மருத்துவமனைப் பின்வாசல் வரை போனேன். அங்கேயே காற்று முகத்தில் பட்டது. திரும்பி வந்துவிட்டேன். வழியில் வாந்தி.

மே 18. 2: போகவில்லை. 6: இவள் குடை பிடித்தாள், தலையில் ஈரத் துண்டு. காவலாளி வாசலில் இரண்டு குடம் தண்ணீரோடு நின்றார். "வாங்க குருவிக்காரரே, விழுந்தா தூக்கிக்கலாம்" என்றார். நாற்பத்தொன்று. மேற்குக் காற்று. இவளும் படித்துச் சரிபார்த்தாள்.

மே 19. 2: போகவில்லை. 6: நாற்பத்திரண்டு. மேற்கு.

மே 20. 2: போகவில்லை. 6: இவளுக்கு வார்டில் வேலை, அதனால் போகவில்லை. தனியாகப் போக வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். சொல்லாமல் இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

மே 21. 2: போகவில்லை. 6: நாற்பத்திரண்டரை. மேற்கு. அந்த அரை நிஜமான அரை, அக்கா.

மே 22. 2: போகவில்லை. 6: நாற்பத்து மூன்று. மேற்கு. அன்றைக்கு ஏரிக்கரை நிலையத்தில் ஆறு மணிக்கு முப்பத்து மூன்று என்று பேப்பரில் போட்டிருந்தான். கத்தரித்து வைத்திருக்கிறேன்.

மே 23. 6: நாற்பத்திரண்டு. மேற்கு. முன்னதாக இரண்டு மணிக்குக் கடிகாரத்துத் துணியை எடுத்தேன். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 24. பிற்பகல் 2: போனேன். நாற்பத்தைந்து. காற்று இல்லை. எட்டு நிமிடம் நின்றேன். கையைப் பார்த்தேன், வியர்த்திருந்தது. மாலை 6: நாற்பத்து மூன்று. மேற்கு. பயம் அப்படியேதான் இருக்கிறது.

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். முப்பதாம் தேதிக்குள் உன் கையில் இருக்கும். இருபத்தெட்டாம் தேதி வரவில்லை என்றால் போன் செய், மருந்தகத்தில் இருப்பேன். பகலிலேயே இருப்பேன்.

மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்காதே, அக்கா.

தம்பி